மலைநாட்டு நீரில் ஜெட் ஸ்கி: சாரதிக்கும் பராமரிப்பாளருக்கும்

ஜெட் ஸ்கியைப் பற்றிய கையேடுகள் பெரும்பாலும் கடலையும் கழிமுகத்தையும் மனத்திற்கொண்டே எழுதப்பட்டிருக்கின்றன. உப்பு யந்திரத்தை அரிக்கும், அலை கவிழ்க்கும், ஆகையால் இன்னின்னவாறு செய்க என்று அவை கூறும் போதனைகள் பெந்தோட்டை ஆற்றங்கரையில் தொழில் செய்பவருக்கு முற்றிலும் பொருந்துமாயினும், கொட்டகலையில் காலை பஸ் ஏறி நுவரெலியாவுக்குச் சென்று, சீசன் காலத்தில் கிரகரி வாவிக் கரையில் வேலை பார்க்கும் இளைஞனுக்கு அவற்றிற் பாதி பயன்படா. அவனுக்கு வேண்டிய மறுபாதியை அவை சொல்வதுமில்லை. 1872 முதல் 1877 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில் அமைந்த அந்த வாவி, கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிந்தது, நீர் குளிர்ந்தது, வாவியாயினும் நீர்த்தேக்கமாயினும் நம் மலைகளிலுள்ள பரந்த நீர்நிலைகள் யாவும் மனிதன் அணைகட்டி ஆக்கியவை. இம்மூன்று காரணங்களாலும் யந்திரம் ஒரு விதமாகவும், அதன்மேல் அமர்ந்த மனிதன் வேறு விதமாகவும் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை முன்வைத்தே இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது.

முதலில் யந்திரத்தின் சுபாவத்தை அறிந்துகொள்ள வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானியக் கவாசாக்கிக் கம்பனியார், ஒருவர் நின்றுகொண்டு ஓட்டும் சிறு வாகனமாக இதனைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். இருவர் மூவர் உட்கார்ந்து செல்லும் இன்றைய வடிவம் அதற்குப் பின்னர் வழக்கத்துக்கு வந்தது. நின்றாலும் இருந்தாலும் தத்துவம் ஒன்றே. இதற்கு வெளியே சுழலும் விசிறியும் இல்லை, படகுக்குரிய சுக்கானும் இல்லை. அடிப்பாகத்திலுள்ள உறிஞ்சுவாய் வழியாக நீரை இழுத்து, குழாய்க்குள் சுழலும் இம்பெல்லர் என்னும் உள்விசிறியால் அதை உந்தி, ஒடுங்கிய முனைக்குழாய் வழியாகப் பின்புறம் பீச்சியடிப்பதனால் வாகனம் முன்னே பாய்கிறது. றப்பர் குழாயில் நீர் பாய்ச்சுகிறவன் அதன் வாயைப் பெருவிரலால் அழுத்தும்போது, நீரின் வேகம் கூடுவதையும் குழாய் கையைப் பின்னே தள்ளுவதையும் உணர்கிறானல்லவா, அந்தத் தள்ளுவிசையே இங்கும் வேலை செய்கிறது. கைப்பிடியைத் திருப்பும்போது திரும்புவது அந்த முனைக்குழாய்தான். நீர்த்தாரை ஒரு பக்கமாகச் சாய்ந்து பாய, வாகனத்தின் பின்பாகம் மறுபக்கம் தள்ளப்படுகிறது.

இதிலிருந்து பெறப்படும் ஓர் உண்மையை, வேறு எதை மறந்தாலும், சாரதி மறக்கலாகாது. தாரை பாயாதபோது வாகனம் திரும்பாது. மோட்டார் சைக்கிளில் பழகியவன், எதிரே ஒரு தடையைக் கண்டவுடன் எக்ஸலேட்டரை விட்டுவிட்டுக் கைப்பிடியைத் திருப்புகிறான். தெருவில் அவனுடைய பிராணனைக் காக்கும் அதே பழக்கம் நீரில் அவனை நேராகத் தடையின்மீது கொண்டுபோய் மோதுகிறது, ஏனெனில் விரலை எடுத்த கணமே தாரை நின்றுவிட, கைப்பிடி எவ்வளவு திருப்பப்பட்டாலும் வாகனம் பழைய திசையிலேயே வழுக்கிச் செல்கிறது. புதிய வாகனங்கள் சிலவற்றில் இதற்கு ஓரளவு பரிகாரமும், தாரையைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் பிரேக் போன்ற ஏற்பாடும் உண்டென்றாலும், நம் கரைகளுக்கு வந்து சேரும் வாகனங்களிற் பல பழையவை. அவற்றில் பிரேக்கே கிடையாது. முழுவேகத்தில் வருகிற வாகனம் தானாக ஓய்ந்து நிற்பதற்குப் பல நூறு அடி தூரம் வேண்டும். ஆகவே ஆபத்து நேர்கையில் செய்யவேண்டியது, பயம் செய்யச் சொல்வதற்கு நேர்மாறானது: கைப்பிடியைத் திருப்பி, எக்ஸலேட்டரை விடாமல் அழுத்தி, விலகிப் போய்விட வேண்டும். இதனை வாயால் சொல்லிக் கொடுத்தாற் போதாது. ஆளில்லாத திறந்த நீரில் ஒரு மிதவையை மூங்கிற் கழியில் கட்டி நிறுத்தி, அதை நோக்கி மிதமான வேகத்தில் வந்து, ஒருமுறை விரலை எடுத்துத் திருப்பியும், மறுமுறை விரலை அழுத்தித் திருப்பியும் பார்க்கிற புதியவன், ஒரு காலைப்பொழுதுக்குள் கற்றுக்கொண்டுவிடுவான். வாடகைக்கு வரும் உல்லாசப் பிரயாணிக்கு ஐந்து நிமிடச் சவாரிக்கு ஐந்து நிமிடப் போதனை மிகையென்று முதலாளிமார் கருதலாம். என் அபிப்பிராயத்தில் அது குறைவே.

அடுத்தது நிறுத்து கயிறு. ஒரு நுனி சாரதியின் மணிக்கட்டிலோ உயிர்காப்பு அங்கியிலோ, மறுநுனி கைப்பிடியருகேயுள்ள பொத்தானிலும் பொருந்தியிருக்கும் இச்சுருள் கயிறு, அவன் விழுந்தவுடன் கழன்று என்ஜினை நிறுத்திவிடுகிறது. சவாரி செய்பவர் அடிக்கடி ஏறி இறங்கும் இடத்தில், தொந்தரவு என்று எண்ணிக் கயிற்றைக் கைப்பிடியிலேயே சுற்றிவைத்து ஓட்டும் வழக்கத்தைப் பலர் கண்டிருப்பார்கள். விழுந்தவனை நீரில் விட்டுவிட்டு, ஆளில்லாத வாகனம் அப்பால் ஓடிப்போவதற்கோ, பிறர்மீது மோதுவதற்கோ அவ்வழக்கம் இடந்தருகிறது. தினமும் முதற்சவாரிக்கு முன் கயிற்றை இழுத்து என்ஜின் நிற்கிறதா என்று பார்ப்பதைச் சாரதி ஒரு நியமமாகக் கொள்ள வேண்டும்.

உயிர்காப்பு அங்கியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கொக்கிகள் யாவும் பூட்டப்பட்டபின், இரு தோள்களிலும் பிடித்து மேலே தூக்கினால் அங்கி மோவாய்க்கு மேல் வராதிருப்பதே சரியான அளவுக்கு அடையாளம். ஆனால் குளிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் அதிகாலையில் உறைபனி விழுகிற ஊர் நுவரெலியா. அங்குள்ள நீர் நண்பகலிலும் கடல்நீரைப் போல் வெதுவெதுப்பாக இராது. குளிர்ந்த நீரில் திடீரென்று விழுந்தவனுக்கு, அவன் எவ்வளவு கெட்டிக்கார நீச்சற்காரனாயினும், முதலில் நேர்வது மூச்சுத் திணறல். வாய் தானாகத் திறந்து காற்றை இழுக்க முயல்கிறது, அத்தருணத்தில் தலை நீருக்குள் இருந்தால் காற்றுக்குப் பதில் நீரே உட்செல்லும். முதல் ஓரிரு நிமிடம் நீந்த முயலாமல், அங்கி தாங்க மல்லாந்து மிதந்து, மூச்சு ஒழுங்குபட்ட பின்னரே வாகனத்தை அணுக வேண்டும் என்று சவாரி செய்பவருக்கு முன்னதாகவே சொல்லிவைத்தல் நலம். குளிருக்கென்று சுவெட்டரும் அதன்மேல் ஜாக்கெட்டும் காலில் பூட்சுமாக வந்து ஏறுகிறவர்களைச் சீசனில் நிறையக் காணலாம். நனைந்த கம்பளி பாரமாகக் கையையும் காலையும் பிடித்துக்கொள்ளும். அவற்றைக் கழற்றச் செய்து, உடலோடு ஒட்டிய றப்பர் நீச்சலுடையைக் கொடுப்பதே முறை. அவ்வுடை இன்னொரு காரணத்தாலும் அவசியமாகிறது: பின்னால் அமர்ந்தவர் நழுவிப் பின்புறமாக விழுந்தால், முனைக்குழாயிலிருந்து பீறிடும் நீர்த்தாரை உடலின் கீழ்த் துவாரங்கள் வழியே உட்புகுந்து குடலையும் கருப்பையையும் கிழித்துவிடக்கூடிய வேகமுடையது, சாதாரண நீச்சற்கால்சட்டை அதைத் தடுக்காது. இதைப் பேசக் கூச்சப்பட்டு, பெண்களுக்குச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். கூச்சத்தைவிடக் காயம் பெரிது. பின்னிருப்பவர் முன்னிருப்பவரை இறுகப் பிடித்துக்கொள்ளாதவரை வாகனம் புறப்படக் கூடாது. துப்பட்டா, சால்வை, அவிழ்ந்த கூந்தல் யாவும் ஏறுமுன் கட்டப்பட்டாக வேண்டும், ஏனெனில் விழுந்தவரிடம் வாகனம் நெருங்கி வரும்போது உறிஞ்சுவாய் அவற்றை இழுத்துவிடும்.

நீர்நிலைகளின் விஷயத்துக்கு வருவோம். கொட்டகலையைச் சுற்றியுள்ளவர்கள் கிரகரி வாவியோடு நில்லாமல், நோர்வூட் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தையும், மஸ்கெலியாவின் மவுஸாக்கலை நீர்த்தேக்கத்தையும், தலவாக்கலையில் 2012இல் பூர்த்தியான மேல் கொத்மலைத் திட்டத்தின் நீர்த்தேக்கத்தையும் அன்றாடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பரந்த நீரைப் பார்த்தவுடன் இங்கே ஒரு சுற்று ஓடினாலென்ன என்று ஆசைப்படுவது இயல்பு. இவை மின்சாரத்துக்காக ஆனவை என்பதும், இவற்றை நிர்வகிக்கும் அதிகாரிகளின் எழுத்துமூல அனுமதியின்றி எந்த வாகனத்தையும் இறக்கலாகாது என்பதும் முதல் விதி. அனுமதி பெற்றவர்களும் அறியவேண்டியது, இந்நீரின் மட்டம் வாரத்துக்கு வாரம் மாறுகிறது என்பதாகும். மவுஸாக்கலை நிரம்பியபோது பழைய மஸ்கெலியாப் பட்டினம் நீரில் அமிழ்ந்தது. வரட்சிக் காலத்தில் நீர் வற்றும்போது அங்கிருந்த கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிபாடுகளாக வெளியே தெரிவதை நம்மவர் கூட்டங்கூட்டமாகச் சென்று பார்க்கிறார்கள். பார்ப்பவனுக்கு அது பழைய ஊரின் ஞாபகம். சாரதிக்கோ, நீர் ஓரிரு அடி மேலேறி அந்தச் சுவர்களை மறைத்திருக்கும் காலமே மகா அபாயமானது. முற்றாக வெளியே தெரியும் கல் எவரையும் கொல்வதில்லை. மேற்பரப்பின் கீழே ஒரு முழத்தில் இருக்கும் கல்லும், தேயிலைக் கட்டையும், மரவேரும், கைவிடப்பட்ட வேலிக் கம்பியுமே கொல்பவை. ஆகவே போன மாதம் ஓடிய பாதை இந்த மாதமும் ஆழமாயிருக்குமென்று நம்பாமல், மெதுவாக ஒருமுறை சென்று பார்த்து, நீளக் கழியால் ஆழம் அளந்து, அதன்பின்னரே வேகம் கூட்ட வேண்டும். இடுப்பளவுக்குக் குறைந்த நீரில் வேகத்தைக் கூட்டவே கூடாது.

அணைக்கட்டின் அருகிலும், நீர் உள்ளிழுக்கும் வாயருகிலும், வான்கதவுகளின் பக்கத்திலும் எக்காரணம் கொண்டும் போகலாகாது. மேற்பரப்பு தட்டையாகக் கிடந்தாலும் கீழே இழுப்பு இருக்கும். தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நாட்களில் மேல் கொத்மலையின் வான்கதவுகள் திறக்கப்படும் செய்தியை வானொலியில் கேட்டுப் பழகிய நமக்கு இதை விரிக்கத் தேவையில்லை. காசல்ரீயில் மேலும் ஒரு விசேஷம் உண்டு: நீரில் இறங்கும் விமானங்கள் அங்கே உல்லாசப் பிரயாணிகளை ஏற்றி இறக்கியிருக்கின்றன. விமானம் இறங்கும் நேரத்தில் நீரில் வேறெதுவும் நகரக் கூடாது.

எதிர்ப்படும் படகுக்கு எந்தப் பக்கம் விலகுவது என்பதில் நம் நாட்டவர் தவறுவது சகஜம். இலங்கையின் தெருக்களில் இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை, நீரிலும் இடப்பக்கமே ஒதுங்கப் பார்க்கிறது. உலகமெங்கும் நீரின் விதி வேறு: நேருக்கு நேர் சந்திக்கும் இரண்டு வாகனங்களும் தத்தம் வலப்பக்கம் விலகி, ஒன்றின் இடப்புறம் மற்றதன் இடப்புறத்தைக் கடந்து செல்ல வேண்டும். குறுக்கே வருவதாயின், எவனுடைய வலப்புறத்தில் மற்றது தெரிகிறதோ அவனே வழிவிடக் கடமைப்பட்டவன். முந்திச் செல்கிறவன் முந்தப்படுகிறவனை விட்டு விலகியே போக வேண்டும். துடுப்புப் படகும், மிதிபடகும், மீன்பிடிப்பவனின் சிறு ஓடமும் எப்புறம் வந்தாலும் அவற்றுக்கு விலகுவதே ஜெட் ஸ்கிச் சாரதிக்கு அழகு. விதி என்ன சொன்னாலும் வேகம் உள்ளவனிடமே பொறுப்பும் இருக்கிறது.

சீசனின் உச்சம் ஏப்ரல். அந்த மாதத்திலேயே பிற்பகல் இடிமழையும் வருகிறது. காலையில் தெளிவாயிருந்த வானம் மதிய போசனத்துக்குப் பின் கறுத்துக்கொண்டு வர, திறந்த நீரின்மேல் தலைநிமிர்ந்து அமர்ந்திருக்கும் சாரதியே அந்தப் பரப்பில் மிக உயர்ந்த பொருளாகிவிடுகிறான். முதல் இடியோசை காதில் விழுந்ததும் எல்லா வாகனங்களையும் கரையேற்றிவிட வேண்டும்; வரிசையில் நிற்கும் ஜனங்கள் முணுமுணுத்தாலும் பணத்தைத் திருப்பிக் கொடுப்பதே விவேகம். மூடுபனி இறங்கி எதிர்க்கரை மறைந்தாலும் அவ்வாறே.

கவிழ்ந்த வாகனத்தை நிமிர்த்துவதில் ஒரு நுட்பம் இருக்கிறது. எந்தப் பக்கமாகப் புரட்டலாம் என்பது பின்புறத்தில் அம்புக்குறியிட்ட சீட்டில் காட்டப்பட்டிருக்கும். மாறிப் புரட்டினால் புகைபோக்கியிலுள்ள நீர் என்ஜினுக்குள் இறங்கிவிடும். நிமிர்த்தியபின் பக்கவாட்டில் ஏற முயலாமல், பின்புறமாக வந்து, முழங்காலை ஊன்றி ஏறி, ஆசனத்தில் அமர்ந்து, கயிற்றைப் பூட்டிய பின்பே ஸ்டார்ட் செய்ய வேண்டும். உறிஞ்சுவாயில் நீர்ப்பாசியோ பொலித்தீன் பையோ சிக்கியிருந்தால் என்ஜின் இரையும், வாகனம் நகராது; அப்போது என்ஜினை நிறுத்தி, கயிற்றையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்ட பிறகே அடியில் கையிட வேண்டும்.

இனி மெலிந்த காற்றின் விஷயம். கராஜ்களில் இதைத் தெரிந்தவர் சிலரே. உயரம் ஒவ்வோராயிரம் அடி கூடுந்தோறும் சாதாரண என்ஜின் தன் சக்தியில் நூற்றுக்கு மூன்று வீதமளவு இழக்கிறது. ஆகவே கடற்கரையில் 100 குதிரைவலு தந்த யந்திரம் கிரகரி வாவியில் ஏறத்தாழ 82 குதிரைவலுவே தரும். பெந்தோட்டையில் மூவரைச் சுமந்து பாய்ந்த வாகனம் இங்கே மூவரோடு மூக்கை உயர்த்திக்கொண்டு தத்தளிப்பதற்குக் காரணம் இதுவே. கோளாறென்று எண்ணி என்ஜினைப் பிரிக்க வேண்டாம், ஓர் ஆளைக் குறைத்தாற் போதும். காபரேட்டர் உள்ள பழைய வாகனங்களில் இன்னொன்று சேர்கிறது. காற்று குறைய, பெற்றோல் அளவு குறையாதிருப்பதனால் கலவை கொழுத்துவிடுகிறது. புகை கறுக்கிறது, பிளக் கரியடைகிறது, பெற்றோல் வீணாகிறது. கெட்டிக்காரப் பாஸ் ஒருவர், பெற்றோல் பாயும் துளைமுனையாகிய ஜெட்டில் சிறியதொன்றை மாட்டிக் கலவையைச் சரிப்படுத்துவார். வாகனம் அருமையாக ஓடும். சீசன் முடிந்ததும் சொந்தக்காரர் அதே வாகனத்தை லொறியிலேற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய், எதையும் மாற்றாமல் முழுவேகத்தில் விடுகிறார். அங்கே அடர்ந்த காற்று. சிறிய ஜெட் தரும் பெற்றோல் அதற்குப் போதாது. கலவை வறண்டு, உஷ்ணம் ஏறி, பிஸ்டன் உருகிப் பிடித்துக்கொள்கிறது. மலையேறும்போது மாற்றாவிட்டால் நஷ்டம் கொஞ்சப் பெற்றோல்; மலையிறங்கும்போது மாற்றாவிட்டால் நஷ்டம் முழு என்ஜின். ஆதலின் மாற்றிய ஜெட்டின் அளவையும், கழற்றிய ஜெட்டையும், ஒரு சிறு பையிலிட்டு ஆசனத்தின் கீழ்ப் பெட்டியில் வாகனத்தோடேயே வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் உண்மை தெரியும்: கறுப்பாயின் கலவை கொழுப்பு, இளம் பழுப்பாயின் சரி, வெள்ளையாயின் உடனே ஓட்டத்தை நிறுத்துக. கணினி கட்டுப்பாட்டில் பெற்றோல் தெளிக்கும் புதிய என்ஜின்கள் இதைத் தாமே சரிசெய்துகொள்ளும். இழந்த சக்தியை மட்டும் அவற்றாலும் மீட்க முடியாது.

ஒவ்வொரு நாளும் பெற்றோல் நிரப்பியவுடன் ஆசனத்தைக் கழற்றிச் சில நிமிடம் திறந்து வைத்தல் வேண்டும். பெற்றோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. அது அடியில் தங்கியிருக்கையில் ஸ்டார்ட் செய்வது வெடிமருந்தில் நெருப்பு வைப்பதற்குச் சமானம். நீரில் இறக்குமுன் பின்புறத்து வடிகால் அடைப்பான்கள் பூட்டப்பட்டனவா என்று விரலாலேயே தொட்டுப் பார்க்க வேண்டும். மாலையில் கரையேற்றியதும் அவற்றைத் திறந்து உள்நீரை வடித்துவிட வேண்டும்.

நன்னீரென்பதால் கழுவத் தேவையில்லை என்று சொல்வாருளர். உப்பு இல்லையென்பது மெய்யே. ஆயினும் சுற்றியுள்ள மரக்கறித் தோட்டங்களிலிருந்து மழையில் கரைந்து வரும் வண்டல் வாவியில் ஏராளம். அது குளிர்விக்கும் குழாய்களில் படிந்து இறுகுகிறது. கழுவும் கிரமமும் முக்கியம். வாவிநீரையே உள்ளே சுற்றவிட்டுக் குளிர்விக்கும் வாகனங்களில் என்ஜினை முதலில் ஓடவிட்டுப் பிறகே குழாய்நீரைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது நீரை முதலில் மூடிப் பிறகு என்ஜினை நிறுத்த வேண்டும். மாறிச் செய்தால் நீர் சிலிண்டருக்குள் ஏறும். நீரின்றி ஓடுவது சில விநாடிகளுக்கு மேற்படக் கூடாது. வண்டலும் மணலும் இம்பெல்லரின் விளிம்பையும் அதைச் சூழ்ந்த வளையத்தையும் தேய்த்துவிட்டால் இடைவெளி கூடி, என்ஜின் உச்சத்தில் இரைந்தும் வேகம் ஏறாத நிலை வரும். அப்போது வளையத்தை மாற்றுவது சுலபம், செலவும் சொற்பம். நாலடிப்பு (போர்-ஸ்ட்ரோக்) என்ஜினின் ஒயிலை உற்பத்தியாளர் குறித்த மணிக்கணக்கில் மாற்ற வேண்டும். வடித்த ஒயிலை நிலத்திலோ நீரிலோ கொட்டுவது பாபம் என்றே சொல்வேன், ஏனெனில் வாவியின் நீர் நானு ஓயா வழியாகக் கொத்மலை ஓயாவில் கலந்து, கீழேயுள்ளவர்கள் குளிக்கவும் துவைக்கவும் பயன்படுகிறது.

வாகனத்தை ட்ரெயிலரில் ஏற்றி அவிசாவளை வீதியில் கொட்டகலை, ஹட்டன், கினிகத்தேனை வளைவுகளில் இறங்குவோர், பிரேக்கை விடாது மிதித்து அதைச் சூடேற்றாமல் தாழ்ந்த கியரில் வர வேண்டும். முன்புறக் கொக்கி ஒன்றை மட்டும் நம்பாமல் பின்புறத்தையும் இரு பட்டிகளால் கட்ட வேண்டும். ட்ரெயிலரின் சக்கரங்கள் ஒவ்வொரு முறையும் நீரில் இறங்குவதால் அவற்றின் பெயரிங்கில் கிரீஸ் விரைவில் கெடும்.

மழைமாதங்களில் வாகனம் நீண்ட நாள் சும்மா கிடக்கும். அப்போது பெற்றரியைக் கழற்றி உலர்ந்த இடத்தில் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் செய்தலும், டாங்கியை நிரப்பி வைத்தலும், ஆசனத்தைச் சற்றே உயர்த்திக் காற்றோட்டம் விடுதலும் அவசியம். காற்றோட்டத்துக்காக விட்ட அந்த இடைவெளியில் கம்பிவலை ஒன்றைப் பொருத்துக. மலைநாட்டில் குளிருக்கு ஒதுங்கும் எலிகள் காற்றுவடிகட்டிப் பெட்டிக்குள் வைக்கோலும் கந்தலும் சேர்த்துக் கூடு கட்டுவதோடு, வயர்களையும் கடித்துவிடுகின்றன. சீசன் தொடங்கி முதன்முறை சாவியிடுமுன் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்க.